கிணறும் அதன் சொற்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிலே பெருகிக் கோடையிலே வறண்டு கிடக்கும் வழுக்கியாற்றை ஆறு என்று அழைப்பது மக்களின் பெருந்தன்மையே. முகிலைத் தடுத்து மழை பொழிவிக்கும் மலையும் அங்கில்லை. வன்னி நாட்டிற் போலப் பெருங்குளங்கள் அமைப்பதற்கேற்ற நில அமைப்பும் இல்லை. கடலும் கடனீரேரியும் சூழ்ந்த, ஏறக்குறைய 400 சதுர மைல் பரப்புள்ள சமதரை அது. ஆண்டுக்கு ஐம்பது அங்குலமளவு பெய்யும் மழையிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள மூன்று மாதங்களில் வந்து போய்விடுகின்றது. எஞ்சிய மாதங்களில் வானம் கைவிட்ட நிலமாகவே அது காட்சியளிக்கும். ஆயினும் அந்நிலம் பல நூற்றாண்டுகளாக அடர்ந்த குடிகளைத் தாங்கிப் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைவித்து வந்துள்ளது. இஃது எவ்வாறு இயன்றது என வினவின், விடை ஒரு சொல்லில் அடங்கும். அச்சொல் கிணறு.

ஒரு மக்கட்கூட்டம் எப்பொருளோடு நெருங்கி வாழ்கின்றதோ, அப்பொருளைக் குறிக்கும் சொற்கள் அதன் மொழியிலே பெருகி நிற்பது இயல்பு. தமிழிலே கிணற்றைக் குறிக்கும் சொற்கள் பல. கூவல் என்பது மிகப் பழைய சொல். கல்லை வெட்டிச் செய்த, உவர்நீர் ஊறும் கூவல் ஒன்றைப் புறநானூற்றுப் பாட்டொன்று காட்டுகின்றது. கேணி என்ற சொல் யாழ்ப்பாணத்தில் படிகளமைத்துக் கல்லாற் கட்டிய நீர்நிலையைக் குறிக்கும். துரவு என்பது வயலிலும் வெளியிலும் மேலோட்டமாகத் தோண்டப்பட்டு, மாடுகள் இறங்கி நீர் பருகத்தக்கதாய்ச் சரிந்த கரையோடு அமைவது. மணற்பாங்கான கரையோரங்களில், கையாலே தோண்டிச் சிரட்டையால் அள்ளத்தக்க சிறு குழியைப் பூவல் என்பர். இவை ஒரு பொருள் குறித்த பல சொற்கள் போலத் தோன்றினும், உண்மையில் ஒவ்வொன்றும் நிலத்தின் தன்மையையும் நீரின் ஆழத்தையும் எடுக்கும் முறையையும் தன்னுள் அடக்கிய அறிவுச் சிமிழாகும். மணலில் வேண்டுவது பூவல். கல்லில் வேண்டுவது கூவல். இரண்டையும் மாற்றிச் செய்பவனுக்கு நீர் கிடையாது.

இனி, அந்த நிலத்தின் இயல்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். குடாநாட்டின் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணக்கல். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், மயோசீன் என்று நிலநூலார் அழைக்கும் காலத்தில், கடலடியிற் படிந்து இறுகிய கல் அது. மழைநீர் அக்கல்லின் வெடிப்புகளிற் புகுந்து, சிறிது சிறிதாக அதனைக் கரைத்து, உள்ளே குடைவுகளையும் குகைகளையும் ஆக்கியுள்ளது. ஆகவே அங்கு பெய்யும் மழையில் ஒரு பகுதி தரையில் நில்லாது விரைந்து கீழிறங்கி அக்குடைவுகளில் நிறைந்துவிடுகின்றது. ஆறும் பெருங்குளமும் மறுக்கப்பட்ட நாட்டுக்கு இயற்கை தரையின் கீழே ஒரு குளத்தை வைத்தது எனலாம். கடற்கரையோரத்திலே கீரிமலையில் நன்னீர் ஊற்றெடுத்துக் கேணியில் நிறைவதும், புத்தூரை அடுத்த நிலாவரையில் ஆழ்ந்ததோர் நீர்நிலை வற்றாது நிற்பதும் இக்குடைவுகளின் விளைவே. இராமபிரான் வானரப்படையின் தாகந்தீர்க்க அம்பினால் நிலத்தைத் துளைத்த இடம் நிலாவரை என்பது ஊரார் வழங்கும் கதை. இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற், 1859இல் வெளியான தம் இலங்கை நூலிலே புத்தூர்க் கிணற்றைப் பற்றியும் எழுதியுள்ளார்.

இந்த நிலத்திலே கிணறு வெட்டுதல் எளிய செயலன்று. செம்மண்ணை மண்வெட்டி அகழ்ந்துவிடும். அதன்கீழுள்ள கல்லை உடைப்பதற்கு அலவாங்கு வேண்டும். அலவாங்கு என்னும் சொல்லே போர்த்துக்கேயர் மொழியிலிருந்து வந்து யாழ்ப்பாணத்துக் கல்லோடு கலந்துவிட்டது. அலவாங்குக்கும் இளகாத கல்லை வெடிமருந்து வைத்துப் பிளந்தனர். நீர் கசியத் தொடங்கியதும், அது எப்பக்கத்திலிருந்து வருகின்றதெனப் பார்த்து ஊற்றுக்கண்ணை அடையாளம் கண்டனர். சிறு கிணற்றுக்கு ஓர் ஊற்றுக்கண் போதும். தோட்டக் கிணற்றுக்குப் பல வேண்டும். பின்னர், மேல்மண் சரியாதவாறு உட்புறத்தே கல்லடுக்கிக் கட்டி, வாய்ப்புறத்தில் மனிதரும் விலங்கும் வீழாதபடி கிணற்றுக்கட்டு எழுப்பினர்.

நீரை எடுப்பதற்குத் துலா. ஆடுகால் என்னும் தாங்கியின்மேல் குறுக்காகக் கிடக்கும் நீண்ட மரமே அது. துலாவின் நுனியிலே கொடி தொங்கும். கொடியின் முனையிலே பனையோலையால் இழைத்த பட்டை. துலாவின்மேல் ஏறி முன்னும் பின்னும் நடப்பவர் துலா மிதிப்பவர். கீழே நின்று பட்டையைக் கிணற்றுள் இறக்கி ஏற்றிக் கவிழ்ப்பவர் பட்டை பிடிப்பவர். வாய்க்கால்வழி ஓடும் நீரைப் பாத்திக்குப் பாத்தி திருப்புபவர் தண்ணீர் மாறுபவர். விடியுமுன் தொடங்கும் இவ்விறைப்பு வெயில் ஏறுமுன் முடிவுறும். ஒரு கிணற்றைப் பல குடும்பங்கள் பகிர்ந்தாண்டமையால் பங்குக் கிணறு என்றொரு சொல்லும் வழக்கிலே நிலைத்தது. காணி உறுதிகளிலே நிலத்தின் பரப்போடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காற் பாத்தியமும் எழுதப்பட்டன. சகோதரர் நிலத்தைப் பிரிப்பினும் கிணற்றைப் பிரிக்க இயலாது. முறை வைத்தே இறைத்தல் வேண்டும்.

இம்முறையிலே ஒரு நுண்ணிய நன்மை மறைந்து கிடந்தது. துலா மிதிப்பவரின் கால் சோர்ந்தால் இறைப்பு நின்றுவிடும். இறைப்பு நின்றதும் கிணறு இளைப்பாறும். இரவெல்லாம் ஊறி, மறுநாள் தன் பழைய மட்டத்தை எய்தும். கிணற்றினின்று எவ்வளவு நீர் எடுக்கலாம் என்ற அளவை எவரும் எழுதி வைக்கவில்லை. மனித உடலின் களைப்பே அவ்வளவை வகுத்து நின்றது.

உலகின் பிற பாகங்களில் மனிதர் அகழ்வதை விட்டுத் துளைக்கத் தொடங்கிய வரலாறு வேறு. ஓராள் இறங்கி நின்று வேலை செய்யத்தக்க அகலமுடையது அகழ்ந்த கிணறு. ஆள் இறங்காமல், மேலே நின்றவாறே கருவியைச் செலுத்திச் செய்வது துளைத்த கிணறு. இக்கலையிலே முன்னின்றவர் சீனர். அவர்கள் தேடியது குடிநீரன்று, உப்புநீர். சிச்சுவான் மாகாணத்திலே, பாரமான இரும்பு உளியை மூங்கிற் கயிற்றிலே கட்டி, உயர்த்தி உயர்த்தி விழவிட்டு, பாறையை இடித்து நொறுக்கினர். ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன்னரே கையகலத் துளைகளை இவ்வாறு ஆழமாக இறக்கும் வன்மை அவர்களுக்கு இருந்தது. 1835இல் சிகோங் நகரிலே அவர்கள் முடித்த கிணறொன்று 1,000 மீற்றர் ஆழத்தையும் கடந்தது. நீராவி இயந்திரத்தின் துணையின்றி, மூங்கிலும் மரமும் இரும்பும் கொண்டு ஆற்றிய அருஞ்செயல் அது.

ஐரோப்பாவிலே பிரான்சு நாட்டின் ஆர்த்துவா என்னும் பகுதியில், 1126ஆம் ஆண்டளவிலே துறவிமடம் ஒன்றிலே துளைத்த கிணற்றிலிருந்து நீர் தானாகவே மேலெழுந்தது. இரண்டு இறுகிய படைகளுக்கிடையே அகப்பட்டு அழுத்தத்தோடு நிற்கும் நீர், வழி கிடைத்ததும் மேலே பாயும். அப்பகுதியின் பெயராலேயே அத்தகைய கிணற்றுக்கு ஆட்டீசியன் கிணறு என்னும் பெயர் உலகெங்கும் வழங்குகின்றது. பாரிஸ் நகரின் கிரெனெல் என்னுமிடத்தில் 1833இல் தொடங்கிய துளைப்பு, கருவி முறிந்தும் கயிறு அறுந்தும் ஏழாண்டுகளுக்கு மேல் இழுபட்டு, 1841இல் 548 மீற்றர் ஆழத்தில் நீரைக் கண்டது. 1868இல் அபிசீனியாவுக்குச் சென்ற ஆங்கிலப் படை, கூர்முனையும் பக்கத்துளைகளும் உடைய இரும்புக் குழாயை நிலத்தில் அறைந்திறக்கி நீரெடுத்தது. அபிசீனியக் கிணறு என்று பெயர் பெற்ற அதுவே எளிய குழாய்க்கிணற்றின் முன்னோடிகளுள் ஒன்று. பின்னர் சுழன்று குடையும் இயந்திரங்களும், அழுத்திய காற்றினால் இயங்கும் சம்மட்டிகளும் வந்து, ஆண்டுக்கணக்கான வேலையை நாட்கணக்காகச் சுருக்கின.

இங்ஙனம் வந்த குழாய்க்கிணறு தன்னோடு புதிய சொற்களையும் கொண்டுவந்தது. அவற்றுள் முதன்மையானது உறைகுழாய். துளையின் பக்கங்கள் இடிந்து வீழாதிருக்கவும், மேலுள்ள அழுக்குநீர் உட்புகாதிருக்கவும் துளையினுள் இறக்கும் குழாய் அது. புதுச்சொல்லாயினும் அதன் பொருள் தமிழருக்குப் புதிதன்று. சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்த உறைகிணறு பட்டினப்பாலையிலே பேசப்படுகின்றது. அரிக்கமேட்டிலும் கீழடியிலும் அகழ்வாராய்ச்சியாளர் அத்தகைய கிணறுகளைக் கண்டெடுத்துள்ளனர். மண்வளையம் இரும்புக் குழாயாகிப் பின் பிளாத்திக்குக் குழாயாயிற்று. உறையின் கடமை மாறவில்லை.

உறைகுழாய்க்கும் துளையின் சுவருக்கும் இடையிலே ஒரு வளையவெளி எஞ்சும். அதன் மேற்பகுதியைச் சீமெந்துக் குழம்பால் அடைத்தல் வேண்டும். அடைக்காதுவிடின், மலகூடக் குழியின் கசிவும் வயலுரத்தின் கழிவும் அவ்விடைவெளி வழியே நேராகக் கீழிறங்கும். ஆழத்து நீரும் மேல்நீரைப் போலவே மாசுறும். கண்ணுக்குத் தெரியாத இவ்வேலையையே செலவு சுருக்க விரும்புவோர் முதலில் விட்டுவிடுவர். நீர் வரும் படைக்கு எதிரே வைக்கப்படுவது வடிகுழாய். நீரை உள்ளே விட்டு மணலைத் தடுத்து நிறுத்தும் நுண்ணிய வெட்டுகள் அதிலுண்டு. மணற்படையாயின் அதனைச் சுற்றிச் சரளைக்கல் நிறைப்பர். துளைத்து முடிந்தபின் நீரை அலைத்தும் இறைத்தும் சேற்றை வெளியேற்றி ஊற்றுவழிகளைத் துலக்குவர். இவையனைத்தும் கிணற்றின் கட்டுமானத்தைக் குறிக்கும் சொற்கள்.

கட்டுமானத்தினும் முக்கியமானவை அளவைச் சொற்கள். இறைக்காத வேளையில் கிணற்றில் நீர் நிற்கும் மட்டம் நிலைநீர்மட்டம். இறைக்கும்போது அது தாழ்ந்து நிற்கும் மட்டம் இறைப்புமட்டம். இரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் நீரிறக்கம். ஒரு மணி நேரத்தில், இன்ன நீரிறக்கத்தோடு, இவ்வளவு நீர் கிடைக்கும் என்பது கிணற்றின் ஊறுதிறன். கிணற்றிலே நீர் தாழும்போது அதனைச் சூழ்ந்த நிலத்திலும் நீர்மட்டம் சரிந்து, தலைகீழாக நிறுத்திய கூம்பு போலாகின்றது. இதனை இறக்கக் கூம்பு என்பர். ஒருவன் தன் கிணற்றை மிகுதியாக இறைக்கும்போது அக்கூம்பு விரிந்து, வேலிக்கப்பால் அயலவன் கிணற்றையும் தொடும். நீர் மணலூடாக எவ்வாறு செல்கின்றது என்பதைப் பிரெஞ்சுப் பொறியியலாளர் டார்சி 1856இல் கணித விதியாக்கினார். இன்றைய நிலத்தடிநீர்க் கணக்குகளுக்கெல்லாம் அவ்விதியே அடிப்படை. காணி உறுதி எழுதிய முன்னோர் கிணற்றுப் பங்கைப் பிரிக்காது வைத்ததும், விஞ்ஞானி இறக்கக் கூம்பைக் கணித்ததும் ஒரே உண்மையின் இரு வடிவங்கள். தரைக்கீழ் நீருக்கு வேலி கிடையாது.

இலங்கையின் நிலத்திற் பத்தில் ஒன்பது பங்குக்குக் கீழே கடும்பாறையே உள்ளது. அப்பாறையிலே நீர் வெடிப்புகளில் மட்டும் அகப்படும். ஆகவே வறண்ட வலயத்துக் கிராமங்கள் பலவற்றில், ஆழத்து வெடிப்பை எட்டும் குழாய்க்கிணறும் அதன்மேல் நிறுத்திய கைப்பம்பும் நன்மை புரிந்தன. 1964ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டம் நீர்வளச் சபையை நிறுவியது. நிலத்தடிநீரைத் தேடுதலும் துளைத்தலும் அரசின் பணிகளுள் ஒன்றாக வளர்ந்தன. அங்கு பயன்பட்ட முறை எங்கும் பயன்படும் என்ற எண்ணம் குடாநாட்டிலும் பரவியபோதுதான் இடர் தொடங்கியது.

கல்விக்கு உவமையாகத் திருவள்ளுவர் மணலில் தோண்டும் கேணியைக் காட்டினார். தோண்டத் தோண்ட நீர் ஊறும் என்பது அவ்வுவமை. மணற்கேணிக்கு அது முற்றும் பொருந்தும். கடல் சூழ்ந்த சுண்ணக்கல்லுக்குப் பொருந்தாது. ஏனெனில் அங்கு நன்னீரின் கீழே இருப்பது கடல்நீர். கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய நாற்பதிலொரு பங்கு பாரம் கூடியது. ஆகவே நன்னீர் அதன்மேல் ஒரு வில்லை வடிவில் மிதந்து நிற்கின்றது. ஒல்லாந்துப் படைப்பொறியியலாளர் கைபென் 1889இலும், ஜெர்மானியர் ஹெர்ட்ஸ்பேர்க் 1901இலும் ஒருவரையொருவர் அறியாமலே இதன் கணக்கை வெளியிட்டனர். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பதே அக்கணக்கு.

இக்கணக்கு முதலிற் கேட்போர்க்கு மகிழ்ச்சி தரும். மறுபுறம் திருப்பிப் பார்த்தால் அச்சம் தரும். இறைப்பினால் மேல்மட்டம் ஓரடி தாழ்ந்து அந்நிலையிலேயே நின்றுவிடின், கீழிருந்து உவர்நீர் காலப்போக்கில் நாற்பதடி வரை மேலேறக்கூடும். துளையை ஆழமாக்குபவன் அந்த உவர்நீரை நோக்கியே செல்கின்றான். குடைவுகள் நிறைந்த சுண்ணக்கல்லில் அது ஏறிவரும் வழியும் எளிது. இவ்வுண்மைக்குச் சான்று நிலாவரையிலேயே உண்டு. மேலே நன்னீராயிருக்கும் அந்நீர் ஆழஞ்செல்லச் செல்ல உவர்ப்பாகின்றது. விஞ்ஞானிகள் ஏட்டில் எழுதியதை அந்நீர்நிலை ஊரின் நடுவே திறந்து வைத்துக்கொண்டு நிற்கின்றது.

1950களிலும் 1960களிலும் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் தோட்டங்களுக்கு வந்தன. துலா மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. முதுகு முறிக்கும் உழைப்பினின்று மனிதனை விடுவித்த இயந்திரத்தைக் குறை கூறுதல் நன்றியன்று. ஆயினும் அது களைப்பை அறியாதது. 1970களின் முற்பகுதியில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தபோது, மேலும் நிலம் பயிராயிற்று. மேலும் நீர் இறைக்கப்பட்டது. நீர் போதாதவிடத்துக் கிணற்றின் அடியிலேயே துளையிட்டு ஆழமாக்கினோரும் உளர். கரையோரத்துக் கிணறுகள் பல உவர்த்தன. மற்றொரு கேடும் உள்நாட்டிலே வளர்ந்தது. செம்மண்ணும் வெடிப்புக் கல்லும் மழைநீரை விரைவில் உள்ளே விடுவது போலவே இரசாயன உரத்தையும் மலகூடக் கசிவையும் உள்ளே விடும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவு, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைக் கடந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தகைய நீராற் கரைத்த பால் கைக்குழந்தையின் குருதியிலே உயிர்வளி செல்லுதலைத் தடுக்கவல்லது. காய்ச்சினாலும் அது நீங்காது. நீர் வற்றுவதால் செறிவு கூடவே செய்யும்.

2024இல் வடமராட்சி கிழக்கிலே தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. கடலை நன்னீராக்கும் ஆற்றல் கைவந்தமை பெருமைக்குரியதே. ஆயினும் அதற்கு மின்வலுவும் பெரும் பணமும் வேண்டும். மழை ஆண்டுதோறும் பணம் வாங்காது நிரப்பும் தரைக்கீழ்க் குளத்துக்கு அது துணையாகலாம், ஈடாகாது.

ஆதலாற் கிணற்றுச் சொற்களை அறிதல், துளைப்பவர்க்கும் பொறியியலாளருக்கும் மட்டும் உரிய கல்வி எனக் கொள்ளலாகாது. கிணறு துளைக்க ஒப்பந்தஞ் செய்யும் வீட்டுக்காரர் எத்தனை அடி என்று மட்டுமே கேட்கின்றார். நிலைநீர்மட்டம் எது, எவ்வளவு இறைத்தால் எவ்வளவு நீரிறக்கம், உறைகுழாய் எதுவரை செல்கின்றது, வளையவெளி சீமெந்தால் அடைக்கப்பட்டதா, மலகூடக் குழி எவ்வளவு தூரத்தில் உள்ளது, நீர் சோதிக்கப்பட்டதா என அவர் கேட்கத் தொடங்குவாராயின், கிணறும் பிழைக்கும்; அயலவன் கிணறும் பிழைக்கும். குடாநாட்டு நிலத்துக்கு ஏற்றது ஆழ்ந்த ஒற்றைத் துளையன்று. அகலமான ஆழங்குறைந்த கிணறும், சிறிது சிறிதாக இடைவெளி விட்ட இறைப்புமே. மாரிநீர் கடலுக்கு ஓடாது தங்கி உள்ளிறங்குமாறு ஊர்க்குளங்களைத் தூர்வாரிக் காப்பதும் அதனோடு சேர்ந்த கடமை.

துலா மிதித்தவரின் கால் தானே அறிந்து நிறுத்திய இடத்திலே, இன்று இயந்திரத்தின் விசையில் கை வைத்திருப்பவரின் அறிவு நிறுத்தல் வேண்டும். அவ்வறிவைத் தரவல்லவை இச்சொற்கள். களைப்பு காத்த கிணற்றை இனிக் கணக்கே காத்தல் வேண்டும்.